‘வீட்டில் படிக்கிறாள்’: ஒரு சொல்லாய்வு

‘பள்ளி’ என்னும் சொல் தமிழில் நெடும்பயணம் செய்த சொற்களுள் ஒன்று. உறங்குமிடம், சிற்றூர், சமண பௌத்தத் துறவியர் உறைவிடம், கல்வி பயிலுமிடம் எனப் பொருள் விரிந்து, இஸ்லாமியத் தமிழ் வழக்கில் தொழுகைக்குரிய இடத்தையும் குறிக்கலாயிற்று. வெள்ளாற்றங்கரையிலுள்ள எங்கள் ஊரில், ‘பையன் பள்ளிக்குப் போயிருக்கிறான்’ என்றால் எந்தப் பள்ளிக்கு என்று கேட்டுத் தெளிதல் வேண்டும். பெண்பிள்ளையைப் பற்றி அத்தகைய ஐயம் எழுவதில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். இல்லையேல் வீட்டில் இருப்பாள். வீட்டில் இருப்பவளைப் பற்றி விசாரித்தால் வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: ‘வீட்டில் படிக்கிறாள்.’

இலக்கண நோக்கில் இது பிழையற்ற தொடர். பொருள் நோக்கில் இதனைப் போல் மயங்க வைக்கும் தொடர் வேறில்லை என்பது என் கருத்து. படிப்பு தொடர்கிறது என்பதையும் இது குறிக்கும். படிப்பு நின்றுவிட்டது என்பதையும் நாகரிகமாக மறைக்கும்.

அண்மைக் காலத்தில் இதற்கு ஓர் ஆங்கிலப் பெயரும் வந்து சேர்ந்துள்ளது. வளைகுடா நாட்டிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பிய என் சிற்றப்பா மகன், தம் மூத்த மகளை எட்டாம் வகுப்பின் இடையில் நிறுத்திவிட்டார். அவள் பருவமெய்தியது ஒரு காரணம். வீட்டில் கைக்குழந்தை இருந்தது சொல்லப்படாத இன்னொரு காரணம். அதுபற்றிப் பேச நான் சென்றபோது, “அக்கா, இப்ப உலகம் பூராவும் ஹோம் ஸ்கூலிங்னுதானே சொல்றாங்க? பெரிய படிப்புப் படிச்சவங்களே பிள்ளைங்களை வீட்டுல வச்சுத்தான் படிக்க வைக்கிறாங்களாம்” என்றார். தம்பி கூறியதில் பொய்யில்லை. ஆனால் ஒரு சொல்லைக் கடன் வாங்குவோர் அதன் பொருளையும் உடன் வாங்கினரா என்று கேட்பது தமிழாசிரியர்க்குள்ள தொழில். ஆகவே அச்சொல்லையும் அதன் சுற்றத்தாரான பிற சொற்களையும் இங்கே சற்று விரித்து நோக்க விரும்புகின்றேன்.

ஹோம் ஸ்கூலிங் என்பதை ‘வீட்டுவழிக் கல்வி’ எனலாம். குழந்தையின் கல்விப் பொறுப்பு முழுவதையும் பெற்றோர் அறிந்தே தம் தலைமேல் ஏற்றுக்கொள்வது அது. மேனாடுகளில் 1970களில் இக்கருத்து வலுப்பெற்றது. இவான் இல்லிச் 1971இல் எழுதிய ‘டீஸ்கூலிங் சொசைட்டி’ என்னும் நூல், பள்ளி என்னும் நிறுவனமே கல்வி என்று சமுதாயம் மயங்கிவிட்டதாகக் கூறிற்று. அமெரிக்க ஆசிரியரான ஜான் ஹோல்ட் 1977இல் பள்ளியின்றி வளரும் பிள்ளைகளுக்கென ஓர் இதழையே தொடங்கினார். ‘அன்ஸ்கூலிங்’ என்னும் சொல்லும் அவர் வழங்கியதே. பாடத்திட்டம், மணியடிப்பு, மதிப்பெண் ஆகியவற்றை விடுத்துக் குழந்தையின் விருப்பம் செல்லும் வழியே கற்றலைச் செல்லவிடுதல் என்பது அதன் பொருள். ‘டீஸ்கூலிங்’ என்னும் சொல்லோ இன்று இல்லிச் கருதிய பொருளினின்று சுருங்கி, பள்ளியை விட்டு வந்த குழந்தை பள்ளிப் பழக்கங்களை மறந்து தன்னியல்பு பெறுவதற்கு விடப்படும் இடைக்காலத்தைக் குறிக்கின்றது. அந்த இடைக்காலம் முடிவின்றி நீண்டால் அதற்கு என்ன பெயர் என்பதை நம் ஊரார் நன்கறிவர்.

நம் இலக்கண மரபு இதனை எங்ஙனம் கண்டது? தொல்காப்பியர் அகத்திணையில் பிரிவுக்குரிய காரணங்களை எண்ணும்போது ஓதலையே முதலில் வைக்கின்றார். கற்பதாயின் வீட்டை நீங்க வேண்டும் என்பது அக்காலக் கருத்து. அப்பிரிவு தலைவனுக்கே உரியது. தலைவி இல்லத்திலிருந்து ஆற்றியிருப்பாள். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம், ஓதுவதற்குப் பிரிந்த தலைவியொருத்தி உண்டா என்று பின்வரிசை மாணவியர் கேட்பதுண்டு. அந்த ‘ஓதல்’ என்னும் பழஞ்சொல்லை இன்றளவும் அன்றாடப் பேச்சில் வைத்துக் காப்போருள் தமிழ் முஸ்லிம்கள் முதன்மையானவர்கள் என்பதையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன். குர்ஆன் ஓதுதல், ஓதிக்கொடுத்தல், ஓதவைத்தல் என அச்சொல் எங்கள் வீடுகளில் உயிரோடிருக்கின்றது.

வீட்டுவழிக் கல்வி மேனாட்டுச் சரக்கு என்று எண்ணுவோர்க்கு நம் மாவட்டங்களிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். 1855இல் பிறந்த தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர் எனினும், அவருடைய இளமைக் கல்வியின் பெரும்பகுதி நடந்தது அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்திலேயே. அவர்தம் தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர்; நிலையான வருவாய் இல்லாதவர். பிழைப்பையும் மகனுடைய தமிழார்வத்தையும் ஒருசேர மனத்திற்கொண்டு ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். அரியலூரில் சடகோபையங்கார் சிறுவனுக்குத் தமிழ்ச் சுவையை ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் புராணமும் இலக்கணமும் யாப்பும் கற்றார். வகுப்பறையில்லை; தேர்வில்லை; சான்றிதழில்லை. பின்னர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகி, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். பட்டப்படிப்பு எதுவும் படிக்காத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் டாக்டர் பட்டம் வழங்கிற்று. தம் இளமைக் கல்வியின் கதையை அவரே ‘என் சரித்திர’த்தில் எழுதியுள்ளார்.

அரியலூரிலிருந்து பேருந்தில் செல்லும்போது சிமெண்ட் லாரிகளின் புழுதிக்கிடையே ‘குன்னம்’ என்னும் பெயர்ப்பலகையைக் காணும் மாணவருள் எத்தனை பேருக்கு இது நினைவுக்கு வரும்? இதில் நான் கருதத்தக்கது வேறொன்று. அத்தந்தையார் மகனை ‘வீட்டில்’ வைத்துப் படிக்கவைக்கவில்லை. மகனுடைய படிப்புக்காக வீட்டையே பெயர்த்தார். கற்றோர் இருந்த திண்ணையெல்லாம் அவர் மகனுக்கு வீடாயிற்று.

திண்ணை என்றவுடன் ஒரு செய்தி. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகுவதும், மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லித் தருவதும் வழக்கம். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றைக் கண்காணித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து தம் இல்லத்தில் கையாண்டார். 1797இல் இலண்டனில் அதனைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போனதும், நாம் இங்கே அவனை மறந்ததும் தனிக்கதை.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் எட்டாம் வகுப்பு முடித்தது 1993இல். பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 1995இல்தான். எங்கள் ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் பயில வேண்டுமாயின் பேருந்தில் செல்லவேண்டும். அக்காலத்தில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அங்ஙனம் சென்றதில்லை. நானும் நின்றேன். இரண்டாண்டுகள் ‘வீட்டில் படித்தேன்.’ அத்தொடர் என்னளவில் பொய்யாகாமற் போனதற்கு மூவர் காரணமாயினர்.

ஒருவர், என் தாயாரின் தாயார், நன்னி என்றழைப்போம். நன்னிக்குத் தமிழெழுத்து முழுமையாக வாராது. ஆனால் அரபெழுத்தில் எழுதப்பட்ட தமிழை, அதாவது அரபுத் தமிழை, நீரோட்டமாகப் படிப்பார். தெருப் பெண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அவரே ஓதிக்கொடுத்தார். அரசுக் கணக்கெடுப்பில் அவரைக் கையெழுத்தறியாதவர் என்று குறித்துச் சென்றனர். ஒரு நூலகத்தையே மனத்தில் வைத்திருந்த மூதாட்டி அவர். காலையில் ஓதும் பிள்ளை மாலையில் தான் கற்றதை அவரிடம் ஒப்பித்தல் வேண்டும். ஒப்பித்தபின் அதன் பொருளைத் தன் சொல்லில் கூறவும் வேண்டும். இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் அம்மையார் இதனை ‘நரேஷன்’ என்றும், வீட்டுவழிக் கல்வியின் உயிர்நாடி இதுவே என்றும் கொண்டார் என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது, நன்னிக்குச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லையே என்றிருந்தது.

மற்றவர் என் தாய்மாமா. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் கணக்கராக இருந்தார். வாரவிடுமுறைக்கு வரும்போது கிளை நூலகத்திலிருந்து இரண்டு மூன்று நூல்களைக் கொணர்ந்து சாய்வு நாற்காலியின் மேல் போட்டுவிடுவார். ‘படி’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து நத்தைபோற் சுருண்ட கல்லொன்றைக் கொண்டுவந்து சன்னலில் வைத்தார். அது என்னவென்று கேட்டு நச்சரித்த பின்னரே, அரியலூர் ஒருகாலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்றும், அது அம்மோனைட் என்னும் கடலுயிரின் எச்சம் என்றும் கூறினார். அடுத்த மாதம் என்னையும் என் தம்பியையும் சாத்தனூர்க் கல்மரத்தைக் காண அழைத்துச் சென்றார். எம்.எஸ். கிருஷ்ணன் என்னும் நிலவியல் அறிஞர் 1940இல் கண்டறிந்த அம்மரம் 18 மீட்டர் நீளமுடையது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது. அந்த ஒரு கல்லைப் பற்றிக்கொண்டு நிலவியல், கடல், கோடிகளை எழுதும் கணக்கு, ‘கல்’ என்னும் சொல்லின் பெயர்ப்பொருளும் வினைப்பொருளும் என எத்தனையோ கற்றேன். குழந்தையின் கண்ணில் படுமாறு பொருள்களை விட்டுவைப்பதை ‘ஸ்ட்ரூயிங்’ என்றும், ஒரு பொருளை நடுவாகக் கொண்டு பல பாடங்களைப் பின்னுவதை ‘யூனிட் ஸ்டடி’ என்றும் இன்று வழங்குகின்றனர். மாமாவுக்கு இச்சொற்கள் தெரியா.

மூன்றாமவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவினர். மாலைதோறும் வந்து எங்கள் திண்ணையில் அமர்வார். நான் நிலைப்படிக்கு உட்புறம் அமர்ந்து சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். ‘கலைத்திட்டம் வேறு, பாடத்திட்டம் வேறு அம்மா, மாமா தருவது முன்னது, தேர்வுக்கு நான் தருவது பின்னது’ என்பார். கல்வியியல் படிக்கும் மாணவர் பலர் இன்றும் குழப்பிக்கொள்ளும் வேறுபாடு அது. குழந்தை பெறவேண்டிய அறிவு, திறன், பண்பு அனைத்தையும் அளாவிய பெருந்திட்டம் கலைத்திட்டம். ஓராண்டில் ஒரு பாடத்தில் படித்து முடிக்க வேண்டிய பகுதிகளின் பட்டியல் பாடத்திட்டம். வீட்டில் முன்னது எளிதாய்க் கிட்டும். பின்னதற்கு ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கு அவரால் வந்தது. 1995இல் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதித் தேறினேன்.

இவ்வளவு நல்லோர் சூழ இருந்தும் எனக்கு ஒரு குறை இருந்தது. அதனை எனக்கு விளக்கியது, பின்னாளில் திருச்சியில் கற்ற நன்னூல். மாணாக்கன் ஆசிரியரிடம் முறையாகக் கேட்பதனால் பெறுவது காற்பங்கே என்றும், உடன்பயில்வோரோடு கலந்து பழகுவதால் இன்னொரு காற்பங்கு பெறுகின்றான் என்றும், பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கு நிறைவுறுகின்றது என்றும் பவணந்தியார் கணக்கிடுகின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கணக்கு, இன்னும் பிழைபடவில்லை. ஆசிரியர் காற்பங்கு எனக்குத் தடையின்றிக் கிட்டிற்று. தம்பிக்கும் தெருப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்த வகையில் அரைப்பங்கும் கிட்டிற்று. உடன்பயில்வோர் தரும் காற்பங்குதான் கிட்டவில்லை. என்னினும் விரைவாகக் கணக்கிடும் ஒருத்தியை அந்த இரண்டாண்டுகளில் நான் சந்திக்கவேயில்லை. வேதியியல் ஆய்வுக்கூடத்தின் மணத்தை முதன்முதலாக அறிந்தது மேனிலைப் பள்ளியில்தான். வீட்டுவழிக் கல்வியாளர்களும் இக்குறையை அறிவர். ஆகவேதான் பல குடும்பங்கள் ஒன்றுகூடி, ஒரு வீட்டில் அறிவியல், மற்றொரு வீட்டில் இசை எனப் பகிர்ந்து நடத்தும் ஏற்பாட்டை வைத்துள்ளனர். ‘கோ-ஆப்’ என்பது அதன் பெயர். கூடிக் கற்றல் எனலாம்.

மேனிலைப் பள்ளிக்கு எங்ஙனம் சென்றேன் என்று மாணவியர் கேட்பதுண்டு. நன்னி வீட்டாரை நோக்கி, “எங்கிட்ட இருக்கறத எல்லாம் இவ எடுத்துக்கிட்டா. இனிமே குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல” என்றார். அவ்வளவே. தெருவில் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்து மூவராகப் பேருந்தேற்றி விட்டார்கள்.

சாமிநாதையர் பெற்ற வாய்ப்பு அக்காலப் பெண்களுக்கு இல்லை. எனினும் அவரோடு தொடர்புடைய ஒரு பெண்மணியை இங்கே நினைவுகூர வேண்டும். நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையே. மற்றதெல்லாம் வீட்டில் தாமே கற்றது. அவர்தம் ‘காதலா கடமையா’ என்னும் புதினம் 1938இல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை வழங்கியவர் உ.வே.சா. அவர்களே. அவரைச் சுட்டிக்காட்டி, ‘பள்ளி எதற்கு?’ என்று வாதிடுவோர் நம்மிடையே உளர். அவ்வாதத்தை நான் ஏற்பதில்லை. வீட்டிலிருந்தே மேலெழுந்த ஒருத்தியை நாம் அறிவோம். வீட்டிலேயே அடங்கிப்போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. வங்கத்தில் ரொக்கையா பேகமும் தம் தமையனிடமும் தமக்கையிடமும் வீட்டிலேயே கற்றவர். கற்றபின் அவர் செய்த வேலை, 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு பள்ளியை நிறுவியது.

சட்டத்தின் நிலையையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்குக் கட்டணமற்ற கட்டாயக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. தவறும் பெற்றோர்க்குத் தண்டனை எதுவும் அதில் விதிக்கப்படவில்லை. வீட்டுவழிக் கல்வியைப் பெயர் சுட்டி அனுமதிக்கவுமில்லை, விலக்கவுமில்லை. இங்கிலாந்துச் சட்டம் இவ்வகையில் தெளிவானது. பள்ளியிலோ வேறு வகையிலோ கற்பிக்கலாம் என்று இடந்தரும் அதே தொடரில், அக்கல்வி முழுநேரமாகவும் வயதுக்கும் திறனுக்கும் பொருந்துவதாகவும் இருத்தல் வேண்டும் என்றும் கட்டளையிடுகின்றது. செருமனியிலோ பள்ளிக்குச் சென்றேயாதல் வேண்டும்.

வீட்டில் கற்போர் சான்றிதழ் பெறும் வழிகளும் உள. 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி, இன்று தேசியத் திறந்தநிலைக் கல்வி நிறுவனம் என வழங்கும் அமைப்பில் பதிவு செய்து பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடிக்கலாம். மாநில அரசுத் தேர்வுத் துறை வழியே தனித்தேர்வராக எழுதலாம். எவ்வழியாயினும், பிள்ளை பின்னர் நாடும் கல்லூரியும் வேலையும் அச்சான்றிதழை ஏற்குமா என்பதை முன்னதாகவே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுதல் நன்று. ‘திறந்தநிலை’ என்பதைத் ‘திறந்துவிட்ட நிலை’ என்று கொள்வோர் மிகுதி. அங்கும் பதிவுக்கு நாள் உண்டு, ஒப்படைப்புகள் உண்டு, தேர்வும் உண்டு.

தம்பி வீட்டில் நான் அன்று கேட்டது சட்டத்தைப் பற்றியன்று. பிள்ளையின் ‘போர்ட்ஃபோலியோ’வைக் காட்டச் சொன்னேன். வீட்டுவழிக் கல்வியில் மதிப்பெண் பட்டியலுக்கு ஈடாக விளங்குவது அது. பிள்ளை எழுதியவை, வரைந்தவை, படித்த நூல்களின் பெயர்கள், செய்து பார்த்த சோதனைகள் ஆகியவற்றை நாள் குறித்துத் தொகுத்துவைத்த கோப்பு. அப்படியொன்று இல்லை. நாளில் எந்த நேரம் படிக்கிறாள் என்று கேட்டேன். குழந்தை தூங்கும் நேரம் என்றாள் தம்பி மனைவி. குழந்தை எப்போது தூங்கும் என்று கேட்டதற்கு, அந்தப் பிள்ளையே சிரித்துக்கொண்டு, “தூங்கவே மாட்டான் பெரியம்மா” என்றாள். முறைப்படி நான் அவளுக்கு அத்தை. சிறு வயதிலிருந்து பெரியம்மா என்றே பழகிவிட்டாள். தம்பி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அவர் தீயவரல்லர். மகளைச் சுமையாகக் கருதுபவருமல்லர். பாலைநிலத்தில் பதினாறாண்டு உழைத்து, அவள் பெயரில் சேமிப்பும் வைத்துள்ளார். பேருந்தும் தெருமுனையும் அவருக்குத் தந்த அச்சத்திற்கு ஒரு மதிப்பான பெயர் தேவைப்பட்டது. அகப்பட்ட பெயர் ஹோம் ஸ்கூலிங். “நீ கற்பிப்பதாயின் வீட்டிலேயே இருக்கட்டும், நாளை காலை எட்டு மணிக்கு என்ன பாடம் என்று சொல்” என்றேன். மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட வேண்டாம் என்பதை மட்டும் வற்புறுத்திவிட்டு வந்தேன். பெயர் பதிவேட்டில் இருக்கும் வரை வாயில் திறந்தேயிருக்கும். அதற்கிடையே பள்ளி ஆசிரியைகள் இருமுறை வீடு தேடி வந்து பேசிச் சென்றதாகவும் அறிந்தேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்த பின் அவள் மீண்டும் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறாள். அதே தெருவிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி உடன் செல்கிறாள். விட்டுப்போன மூன்று மாதப் பாடத்தை ஞாயிறுதோறும் கணக்கும் அறிவியலுமாக ஈடுசெய்து வருகிறார்கள். தமிழுக்கு நான் செல்கிறேன். கைக்குழந்தையைப் பகலில் தம்பியின் மாமியார் வந்து பார்த்துக்கொள்கிறார். மாலை ஏழிலிருந்து எட்டு வரை தம்பி தம் கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு, மகளுக்கு எதிரில் அமர்ந்து அவள் அன்று கற்றதைச் சொல்லக் கேட்கிறாராம்.